நான்காம் எண்ணில் மட்டும் சுழலும் விசிறி

சென்ற ஞாயிறன்று இப்பகுதியில், கடற்கரை வீடுகளின் கிணற்று நீர் கோடையில் உவர்ப்பதேன் என்பதை ஆராய்ந்தோம். இவ்வாரம் கிணற்றடியை விட்டுத் தெருவுக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்டுள்ள விஷயம் மிகச் சிறியது. மோட்டார் வாகனத்தின் உள்ளே காற்றை வீசும் விசிறியைப் பற்றியது. அதை இயக்கும் குமிழில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் முதல் மூன்று எண்களிலும் விசிறி அசையாது. நான்காம் எண்ணில் மட்டும் புயல்போலச் சுழலும். இது ஏன் நிகழ்கிறது? இதைக் கண்டவர் செய்ய வேண்டியது யாது? செய்யலாகாதது யாது? கேட்பதற்கு அற்பமான கேள்விகளாகத் தோன்றலாம். ஆயினும், இதே விசிறியின் பழுதினால் அயல்நாடொன்றில் பல குடும்பங்களின் கார்கள் நடுத்தெருவில் தீப்பற்றி எரிந்தன என்று அறிந்தால், அற்பம் என்று தள்ளிவிட மனம் வராதன்றோ?

முதலில் எமது தெருவில் நடந்த சம்பவத்தைக் கூறுவோம்.

எமது வீட்டுக்கு நான்கு வீடுகள் தள்ளி ஒரு காக்கா வசிக்கிறார். ஜப்பானில் ஓடிப் பழகிய பின் இலங்கைக்கு வந்த வேன் ஒன்றை வாடகைக்கு ஓட்டிச் சீவனம் நடத்துபவர். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவர். அந்த ஆண்டுகளில் நம்மவர் பலர் கற்ற பாடம், உள்ள வாகனத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவது என்பதே. அவரது வேனும் அப்படிப் பேணப்பட்ட ஒன்றுதான்.

மாதம் இருமுறை அவர் முதிய தாய் ஒருவரைக் கிளினிக்குக்காக மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வார். கல்முனையிலிருந்து மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாதை அடுப்பங்கரைபோலக் கொதிக்கும். வேனின் குளிரூட்டி நன்றாகவே இருந்தது. அதன் குளிரை உள்ளே கொண்டுவரும் விசிறிதான் நான்காம் எண்ணைத் தவிர வேறெதற்கும் மசியவில்லை. நான்கில் வைத்தால் குளிர்காற்று அந்த அம்மாவின் முகத்தில் அறைந்து மூச்சை முட்டவைத்தது. நிறுத்தினால் உள்ளே வெந்து போனார்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்டும் இல்லையா மகன்?” என்று அவர் கேட்டாராம்.

அந்தக் கேள்வி காக்காவின் மனத்தைத் தைத்துவிட்டது. அன்று அஸர் தொழுகைக்குப் பின் வேனைக் கராஜுக்குக் கொண்டு போனார். வேடிக்கை பார்ப்பதில் ஆர்வமுள்ள நாமும் உடன் சென்றோம்.

போகும் வழியில் ஒரு செய்தியைச் சொன்னார். இந்தப் பழுது புதிதன்று. இரண்டு மாதங்களுக்கு முன் இதே போல நேர்ந்தபோது, வேறோர் இடத்தில், “றெசிஸ்டர் எரிந்துவிட்டது” என்று கூறி ஒரு சிறு பாகத்தை மாற்றிக் கொடுத்தார்களாம். நான்கு எண்களும் உயிர்பெற்றன. ஆனால் இரண்டே மாதங்களில் அந்தப் புதிய பாகமும் எரிந்துவிட்டது. ஆகவே, பாகம் போலியானது என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

கராஜில் முதியவரான பாஸ் வேறொரு வேலையில் இருந்தார். அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன் ஓடி வந்து பார்த்தான். விசிறிக்கு எதிரேயுள்ள காற்றுக் குழாயிலிருந்து இரண்டு திருகாணிகளைக் கழற்றி, அந்தச் சிறு பாகத்தை வெளியே எடுத்தான். சுருள் கம்பிகள் மூன்றும், அவற்றினருகே பொத்தான் அளவான சிறு துண்டொன்றும் அதில் இருந்தன.

“காக்கா, இந்த உருகிதான் திரும்பத் திரும்ப எரியுது. இதை விட்டிட்டு ஒரு வயர்த் துண்டைப் போட்டுப் பற்றவைச்சா இனி எரியவே எரியாது. காசும் மிச்சம்” என்றான்.

காக்காவும் சம்மதித்துவிட்டார். பற்றாசுக் கோலும் சூடாகிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் பாஸ் திரும்பிப் பார்த்து, “பொறு மகன். அதைப் பற்றவைக்காதே” என்றார்.

அவர் ஏன் தடுத்தார் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இந்த விசிறி எவ்வாறு வேகம் மாறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மாணவ நேயர்கள் இவ்விடத்தில் சற்றுக் கூர்ந்து வாசிப்பார்களாக.

குளிர்நாடுகளில் இந்த விசிறியை வெப்பமூட்டியின் விசிறி என்றே அழைப்பர். எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீர் ஒரு சிறு கூட்டினூடாக ஓடும். விசிறி அதன்மீது காற்றைத் தள்ளி, பனிக்காலத்தில் பிரயாணிகளுக்கு இதந்தரும். ஜப்பானின் வட பகுதியில் அது வெப்பத்தைத் தந்தது; கல்முனைக்கு வந்தபின் அதே விசிறி குளிர்ச்சியைத் தருகிறது. காற்று தீண்டும் கூடுதான் வேறு. விசிறியும் அதன் மோட்டாரும் ஒன்றே.

வாகனத்தின் பற்றரி 12 வோல்ட் அழுத்தமுடையது. நான்காம் எண்ணில் அந்த அழுத்தம் முழுவதும் நேரே மோட்டாருக்குச் செல்கிறது. மோட்டார் முழு வேகத்தில் சுழல்கிறது. மூன்றாம் எண்ணில் வைத்தால், மின்னோட்டம் ஒரு சுருள் கம்பியைக் கடந்துதான் மோட்டாரை அடைய வேண்டும். இரண்டாம் எண்ணில் இரண்டு சுருள்கள். முதலாம் எண்ணில் மூன்று சுருள்கள். இச்சுருள்களுக்கே நம் பாடநூல்களில் தடையி என்று பெயர். தடை மிகுந்தால் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் வேகமும் குறைகிறது. வயலுக்குப் பாயும் வாய்க்காலில் பலகையைச் செருகி நீரை மட்டுப்படுத்துவது போன்றது இது.

இந்த உண்மையை உலகுக்கு விதியாக வகுத்துத் தந்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த கியோர்க் சைமன் ஓம். பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789ஆம் ஆண்டில் பிறந்தவர். பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கம்பியில் ஓடும் மின்னோட்டம், அழுத்தத்துக்கும் தடைக்கும் எவ்வாறு கட்டுப்படுகிறது என்பதை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரது நாட்டு அறிஞர்கள் அதை மதிக்கவில்லை. 1841ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கம் கோப்ளி பதக்கத்தை அளித்த பின்னரே அவர் பெருமை பரவலாயிற்று. இன்று கல்முனையின் எந்தக் கராஜிலும், அவர் பெயரைக் கேட்டறியாத கைகள்கூட அவர் விதியைக் கொண்டே பிழைப்பு நடத்துகின்றன.

வாய்க்கால் உவமை ஓரிடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். பலகை செருகிய வாய்க்காலில் மிஞ்சிய நீர் பின்னே தங்கி நிற்கும். மின்சுற்றில் அவ்வாறன்று. தடையி பிடித்துக்கொண்ட சக்தி உஷ்ணமாக மாறி வெளிப்பட்டே தீரும். இதை அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல். மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, அதனைத் தடையால் பெருக்கினால், ஒவ்வொரு செக்கனிலும் வெளிப்படும் வெப்பம் கிடைக்கும் என்பதே அவர் கண்ட விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் எண்ணில் உள்ள சுருளின் தடை அரை ஓம் என்றும், ஓடும் மின்னோட்டம் 10 அம்பியர் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்கினால் 50 வாற்று. பழைய மேசை விளக்கின் குமிழ் எவ்வளவு சூடாக இருந்ததென்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அளவு வெப்பம், பிளாஸ்டிக் குழாயினுள், ஒரு விரல் நீளமான சுருளில் பிறக்கிறது. அது எரியாமல் இருப்பது எவ்வாறு?

இங்கேதான் இதை அமைத்தவர்களின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. தடையியை அவர்கள் விசிறியின் காற்று வழியிலேயே பொருத்தியிருக்கிறார்கள். விசிறி வீசும் காற்று, பிரயாணிகளிடம் வருமுன் அந்தச் சுருளைக் குளிர்வித்துவிட்டு வருகிறது. காற்று நின்றாலோ, சுருளின் சூடு எல்லை மீறினாலோ, பக்கத்தில் இருக்கும் பொத்தான் போன்ற துண்டு உருகிச் சுற்றை அறுத்துவிடும். அதன் பெயர் வெப்ப உருகி. அறுந்தபின் 1, 2, 3 ஆகிய எண்கள் இறந்துவிடும். தடையியைத் தொடாமல் நேரே செல்லும் நான்காம் எண் மட்டும் உயிரோடிருக்கும்.

ஆக, எந்த எண் வேலை செய்கிறது என்பதே நோயின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. பாஸ் அந்த இளைஞனுக்குக் கற்பித்த பாடத்தை வாசகர்களுக்கும் தருகிறோம்.

நான்கில் மட்டும் சுழன்றால், மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, பிரதான உருகி நலமாக இருக்கிறது. பழுது பெரும்பாலும் தடையியிலோ அதன் வெப்ப உருகியிலோ உள்ளது. முதலாம் எண் மட்டும் இறந்து ஏனைய மூன்றும் வேலை செய்தால், முதலாம் எண்ணுக்கென்று உள்ள கடைசிச் சுருள் அறுந்திருக்கலாம். முதல் மூன்றும் வேலை செய்து நான்காவது மட்டும் மறுத்தால், தடையியைக் குறைகூறிப் பயனில்லை. குமிழுக்குப் பின்னுள்ள ஆளியையோ, றிலேயையோ, நேரே செல்லும் வயரையோ பார்க்க வேண்டும். நான்கிலும் அசைவில்லையாயின் பிரதான உருகி, மோட்டார், அதன் கரிப் பிரஷ்கள், புவித்தொடுப்பு வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தட்டினால் ஓடி, பின் நின்றுவிடும் விசிறியில் கரிப் பிரஷ்கள் தேய்ந்திருக்கக் கூடும். குமிழுக்குப் பதிலாகத் தானே வெப்பநிலையை ஒழுங்குசெய்யும் புதுமாதிரி வாகனங்களில், சுருள்களுக்குப் பதிலாக திரான்சிஸ்டர் அமைந்த பகுதி வேகத்தை மாற்றுகிறது. அங்கே இந்த எண் கணக்கு அப்படியே பொருந்தாது.

இனி, பாஸ் பற்றாசுக் கோலைத் தடுத்த காரணத்துக்கு வருவோம்.

உருகி எரிந்துவிட்டது என்பது உண்மை. அது போலிப் பாகம் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. இரண்டு மாதங்களில் இரண்டு உருகிகள் எரிந்தன என்றால், எரிய வைத்தது எது என்று கேட்க வேண்டும். பாஸ் அதைத்தான் கேட்டார். முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றி, விசிறியை மோட்டாரோடு வெளியே எடுத்து, ஆட்காட்டி விரலால் சுழற்றிப் பார்த்தார். நல்ல மோட்டாராயின், விரலை எடுத்த பின்னும் விசிறி சற்று நேரம் தானாகச் சுழல வேண்டும். இது அரைச் சுற்றுக்கூடச் செல்லாமல் கிறீச்சென்று நின்றது. அச்சைத் தாங்கும் பெயாரிங் துருவேறி இறுகியிருந்தது. விசிறியின் இதழ்களுக்கிடையே வைக்கோல் தூசும், காய்ந்த வேப்பிலையும், கடல் மணலும் அடைத்திருந்தன. காற்றை வடிகட்டும் பில்டரோ, ஒரு முறைதானும் மாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை.

இறுகிய மோட்டார் ஏன் தடையியை எரிக்கிறது? சுழலும் மோட்டார் தன்னுள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். அது பற்றரியின் அழுத்தத்தை எதிர்த்து நின்று, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். வேகம் குறையக் குறைய அந்த எதிர்ப்பும் குறையும், மின்னோட்டம் ஏறும். நாம் முன்பு போட்ட கணக்கில், மோட்டாரின் சொந்தத் தடை கால் ஓம் எனக் கொள்வோம். விசிறி முற்றாக இறுகி நின்றுவிட்டால் ஓட்டம் 10 அம்பியரிலிருந்து 16 அம்பியராக உயரும். பதினாறைப் பதினாறால் பெருக்கி அரையால் பெருக்கினால் 128 வாற்று. ஐம்பது வாற்று எங்கே, நூற்றிருபத்தெட்டு எங்கே! அதே வேளையில், சுருளைக் குளிர்விக்க வேண்டிய காற்றும் நின்றுவிட்டது. சூடு இரண்டரை மடங்காகிறது. குளிர்ச்சி இல்லாமலே போகிறது.

“பெரிய உருகி ஒன்று இருக்கிறதே, அது அறுந்து காப்பாற்றாதா?” என்று வாசகர் கேட்கலாம். காப்பாற்றாது. நான்காம் எண்ணின் முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டியிருப்பதால், பிரதான உருகியைப் பெரும்பாலும் 30 அம்பியர் போன்ற உயர்ந்த அளவில்தான் அமைப்பார்கள். பதினாறு அம்பியர் அதற்கு ஒரு பொருட்டன்று. இவ்வேளையில் காவல் நிற்பது அந்தப் பொத்தான் அளவு வெப்ப உருகி ஒன்றே. அதை நீக்கிவிட்டு வயர்த் துண்டைப் பற்றவைத்தால், மூன்று எண்களும் உடனே உயிர்பெறும். காக்கா மகிழ்ந்து வீடு செல்வார். பின்னொரு நாள் விசிறி இறுகி நிற்கும்போது, சுருள் சிவக்கும், பிளாஸ்டிக் உருகும், குழாயில் அடைந்த வைக்கோலும் இலையும் எரிபொருளாகும்.

இது வெறும் பயமுறுத்தலன்று. பிரித்தானியாவில் வொக்ஸோல் கம்பனியின் ஸபீரா-பி என்னும் குடும்பக் கார்கள் பல இவ்வாறு தீப்பற்றின. முன்பகுதியில், வெப்பமூட்டி விசிறியின் பக்கத்திலிருந்து புகை எழும். சிறிது நேரத்தில் உட்புறம் முழுவதும் எரிந்துவிடும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 2 இலட்சத்து 35 ஆயிரம் கார்களைக் கம்பனி திருப்பி அழைத்தது. தடையியின் வெப்ப உருகியை முறையற்ற விதத்தில் பழுதுபார்த்தமையே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பிய கார்களிலும் சில தீப்பற்றின. மேலும் ஆராய்ந்தபோது, ஈரமும் துருவும் மோட்டாரின் பெயாரிங்கைப் பாதித்து அதை இறுகச் செய்வதும் ஒரு காரணம் என்று தெரியவந்தது. 2016ஆம் ஆண்டில் கார்கள் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டன. இவ்விஷயத்தை விசாரித்த பிரித்தானியப் பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, கம்பனி விரைந்து செயற்படவில்லை என்று 2017ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டித்தது.

எண்ணிப் பாருங்கள். ஆய்வுகூடங்களும் பொறியியலாளர்களும் நிறைந்த ஒரு பெரிய கம்பனி, முதல் முறை எரிந்த பாகத்தின்மேல் கண்வைத்தது. எரியவைத்த காரணம் இரண்டாம் முறையே முழுதாக வெளிப்பட்டது. எமது தெருக் காக்காவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் நேர்ந்ததும் அதுவேயன்றோ? அளவில்தான் வேறுபாடு.

அன்று மாலை நடந்ததைக் கூறி முடிப்போம். பாஸ் உருகியோடு கூடிய புதிய தடையி ஒன்றை வரவழைத்தார். மோட்டாரைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார்: “காக்கா, இந்தப் பெயாரிங்குக்கு எண்ணெய் விட்டால் ஒரு மாதம் ஓடும். பிறகு மறுபடி இங்கேதான் வருவீர்கள். இதே மாதிரி வேனிலிருந்து கழற்றிய நல்ல மோட்டார் ஒன்று தேடித் தருகிறேன். செலவு கூடத்தான். ஆனால் நோயாளியை ஏற்றிப் போகிற வண்டி.”

காக்கா சற்று யோசித்தார். ஒரு மோட்டாரின் விலை அவருக்குச் சில நாள் உழைப்பு. ஆனால் அந்த அம்மாவின் முகம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். “சரி பாஸ், மாற்றுங்க” என்றார்.

மறுநாள் மோட்டார் வந்தது. பொருத்துமுன் பல்மானியை இணைத்து, பழைய மோட்டார் எத்தனை அம்பியர் இழுக்கிறது, மாற்று மோட்டார் எத்தனை இழுக்கிறது என்பதை அந்த இளைஞனையே வாசிக்கச் செய்தார் பாஸ். பழையது கணிசமாகக் கூடுதலாக இழுத்தது. இளைஞன் ஒன்றும் பேசவில்லை. தடையியின் பிளக்கைத் தானாகவே எடுத்துப் பார்த்து, உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு பிடித்திருந்த முனைகளைத் துப்புரவாக்கினான். சூட்டினால் நிறம் மாறி இளகியிருந்த ஒரு முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தினான். கண்ணாடித் துடைப்பானின் அடியில் குவிந்திருந்த இலைகளை அள்ளி, மழைநீர் வடியும் துவாரத்தையும் திறந்துவிட்டான். மாரியில் அந்தத் துவாரம் அடைபட்டு நீர் உள்ளே இறங்கியதே பெயாரிங் துருவேறியதற்குக் காரணம் என்று பாஸ் காட்டிக் கொடுத்தார்.

வாகனம் வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். விசிறியின் ஓசையில் கிறீச்சொலியோ உறுமலோ கலந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். தடையி எரிவதற்கு முன்பே மோட்டார் அறிவிக்கும் சேதி அது. காற்று வடிகட்டும் பில்டரை, அறுவடைத் தூசி அடங்கியபின் ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிப் பாருங்கள். மாரி தொடங்குமுன் கண்ணாடியின் அடியிலுள்ள இலைகளை அகற்றுங்கள். எரிந்த மணமோ புகையோ குழாயிலிருந்து வந்தால் விசிறியை உடனே நிறுத்தி, வாகனத்தை ஓரங்கட்டி, அனைவரும் இறங்கிவிடுங்கள். வெப்ப உருகிக்குப் பதிலாக வயரைப் போட்டுத் தருவதாக எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராயினும், வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுதுபார்த்துத் தருபவரிடம் “எது எரிந்தது?” என்று கேட்டதோடு நின்றுவிடாமல், “ஏன் எரிந்தது?” என்றும் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சிறு பரிசோதனை. டோர்ச் லைட்டின் பற்றரிகள் இரண்டு, பழைய மாதிரி இழைக் குமிழ் ஒன்று, இரு முனையும் கூராக்கிய கறுப்பு மிகுந்த பென்சில் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் ஒரு பக்கத்து மரத்தைப் பெரியவர் ஒருவரின் உதவியோடு நீளவாக்கில் சீவி, உள்ளிருக்கும் கரியை வெளியே தெரியச் செய்யுங்கள். பற்றரி, குமிழ், கரி ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்து, ஒரு வயரின் முனையைக் கரியின் மீது மெல்ல நகர்த்துங்கள். தூரம் கூடக் குமிழ் மங்கும்; தூரம் குறையப் பிரகாசிக்கும். காக்காவின் வேனில் 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தது இதைத்தான். குமிழை விட்டுவிட்டுக் கரியை மட்டும் பற்றரியோடு இணைக்க வேண்டாம்; அது சுடும். வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் முயலலாகாது.

அடுத்த கிளினிக் நாளன்று நாமும் மட்டக்களப்பில் ஓர் அலுவலுக்காக அதே வேனில் ஏறினோம். குமிழ் இரண்டாம் எண்ணில் இருந்தது. கல்லாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மா முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொள்ளவுமில்லை, அதனால் விசிறிக்கொள்ளவுமில்லை. ஜன்னலோரம் சாய்ந்து நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

வரும் வாரம், மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் வெள்ளையாய்ப் பூக்கும் உப்பைப் பற்றிப் பேசுவோம்.